போகிக்குத் தேய்த்த பேட்ஜ்

தங்கபுஷ்பத்தின் கை சும்மா இருக்காது. அது அவள் குற்றமும் இல்லை. தி. நகரில் பாத்திரக்கடைக்காரர் மகளாகப் பிறந்தவள். நடக்கப் பழகும் முன்பே சொம்பு தேய்க்கப் பழகினாள் என்று அவள் அப்பா பெருமையடித்துக்கொள்வார். கறுத்துப்போன பித்தளையோ வெள்ளியோ கண்ணில் பட்டுவிட்டால் போதும், அவள் விரல்கள் தாமாகவே புளியைத் தேடும். மயிலாப்பூரில் யார் வீட்டுக் கொலுவுக்குப் போனாலும், சுண்டலை வாங்கிக்கொள்வதற்கு முன்னால் அங்கே எரிகிற குத்துவிளக்கின் அடியைப் புடவைத் தலைப்பால் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள். வீட்டுக்காரிகள் சிரித்துக்கொண்டே பல்லைக் கடிப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டிலும் தேய்க்கக் கூடாத சாமான் என்று ஒன்று இருந்தது. அது அவள் புருஷன் பொன்ராஜின் தொப்பி பேட்ஜ்.

பொன்ராஜ் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வந்து பெட்டியை இறக்கிவைத்த கையோடு மாமனார் அவரைக் கடையில் உட்காரவைத்துவிட்டார். எதிரியைக் குறிபார்த்த கண்கள் அன்றிலிருந்து இட்லிப் பானையில் ஓட்டை பார்க்கின்றன. ஆனாலும் வருஷா வருஷம் குடியரசு தினத்தன்று பழைய தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டுதான் கடையைத் திறப்பார். தொப்பியில் அந்தப் பேட்ஜ் இருக்கும். நடுவில் ஒரு வாள், சுற்றிலும் இலைக்கொத்து, வெள்ளிப் பூச்சு போட்டது. ஆனால் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரிக் கன்னங்கரேலென்று இருக்கும். குக்கர் வாங்க வந்தவர் யாராவது, "என்ன சார், இது இப்படிக் கறுத்துக் கெடக்கு?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. அவர் வீட்டில் அன்று மத்தியானச் சாப்பாடு சாயங்காலம்தான்.

"கறுத்துக் கெடக்கல சார், கறுப்பாக்கினது," என்று ஆரம்பிப்பார் பொன்ராஜ். "ஆபரேஷனுக்குக் கெளம்பும்போது பேட்ஜை மின்ன விடக் கூடாது. மலைமேல ஒரு பொட்டு மின்னினாலும் எதிரி அதையே குறி வெச்சுச் சுட்டுருவான். அதனால ஒவ்வொருத்தனும் பேட்ஜைக் கறுப்பாக்கிட்டுத்தான் மேல ஏறணும். அன்னிக்குப் பூசின கறுப்பு சார் இது. மலையை விட்டு எறங்கி நேரா ரயிலேறிப் போய்ப் பொண்ணு பாத்தேன். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் கை இதுமேல படல!"

உண்மைதான். யாரையும் தொட விடமாட்டார். அவரே எடுத்தாலும் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத்தான், பிறந்த குழந்தையைத் தூக்குவது போலத் தூக்குவார். என்ன பக்தி, என்ன பக்தி என்று தங்கபுஷ்பம் மனசுக்குள் மெச்சிக்கொள்வாள். வெளியே சொன்னால் மனுஷருக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று சொன்னதில்லை.

அந்தப் பேட்ஜுக்குத்தான் இந்த வருஷம் ஒரு சோதனை வந்தது.

பழைய பட்டாளத்துக்காரர்கள் வருஷத்துக்கொருமுறை, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அடையாறில் ஒரு மண்டபம் பிடித்துக் குடும்பத்தோடு கூடுவார்கள். பொன்ராஜ் போனதே இல்லை. ஒரு வருஷம் முட்டிவலி, ஒரு வருஷம் கடையில் சரக்கு இறங்குகிறது, ஒரு வருஷம் யாரோ ஒன்றுவிட்ட பெரியப்பா சீரியஸ். அந்தப் பெரியப்பா இன்னும் ஆதம்பாக்கத்தில் கல்லு மாதிரி இருக்கிறார். இந்த வருஷம் அந்தப் பருப்பு வேகவில்லை. பழைய சுபேதார் கோதண்டபாணி, முறுக்கிவிட்ட நரைத்த மீசையோடு, கடைக்கே நேரில் வந்துவிட்டார்.

"இன்னாடா பொன்ராஜ், ஊரெல்லாம் உன் கறுப்பு பேட்ஜ் கதையே ஓடிக்கினு கீது. எங்களுக்கு மட்டும் காட்ட மாட்டியா? ஞாயித்துக்கெழமை வர்ற. தங்கச்சியையும் இட்டுக்கினு வர்ற," என்றவர், கடைக்கு வந்திருந்த தங்கபுஷ்பம் நீட்டிய மோரைக் குடித்துவிட்டு ஒரு கைக்குட்டை விஷயத்தையும் அவளிடம் சொன்னார். "மலைப்பக்கமே தலைவெச்சுப் படுக்காதவன்லாம் இப்போ பேட்ஜுல கறுப்பைப் பூசிக்கினு வந்து பீலா உடுறாம்மா. அதுக்கு நான் ஒரு டெஸ்ட் வெச்சிருக்கேன். வெள்ளைக் கைக்குட்டையால அழுத்தி ஒரு தேய். பழைய கறுப்பு ஒட்டாது. புதுக் கறுப்பு ஒட்டிரும். ஒட்டிச்சுன்னா சேவல் மாதிரிக் கூவிக்கினே மண்டபத்தை ஒரு சுத்து வரணும். பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி!"

தங்கபுஷ்பம் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரர் பேட்ஜை நீங்க எவ்வளவு வேணும்னாலும் தேய்ங்கண்ணே!"

பொன்ராஜ் சிரிக்கவில்லை. அவர் குடித்துக்கொண்டிருந்த மோர் புரையேறிவிட்டது.

போகியன்று காலை தங்கபுஷ்பம் வீட்டிலிருந்த அத்தனை சாமான்களையும் சமையலறைத் தரையில் குவித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குத்துவிளக்கு, சொம்பு, பஞ்சபாத்திரம், வெள்ளிக் குங்குமச்சிமிழ். பக்கத்தில் புளியும் சாம்பலும். கண்ணுக்கு மை வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால் மை டப்பா துடைத்துவிட்டது போலக் காலி. ஒவ்வொரு ஜனவரியும் இதே கூத்து. "அடியே தீபிகா! உனக்குன்னு தனியா ஒண்ணு வாங்கித் தொலைக்க மாட்டியா?" என்று மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் கண்ணுக்கு மையே வைக்கிறதில்ல! எத்தனை வருஷமா சொல்றேன்!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தீபிகா.

"பின்ன மை என்ன, காலு மொளைச்சு நடந்து போச்சா?"

வாய் மகளோடு சண்டை போட, கை பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டே போயிற்று. சொம்பு முடிந்தது, சிமிழ் முடிந்தது, விளக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கிடந்த ஏதோ ஒன்றும் முடிந்தது. ஒரே தேய்ப்பில் கறுப்பு மொத்தமும் போய்விட்டது. அட, நம் கைக்கு வயசே ஆகவில்லை என்று அவளுக்கே ஒரு பூரிப்பு. தண்ணீரில் அலசித் தூக்கிப் பார்த்தாள்.

நடுவில் ஒரு வாள். சுற்றிலும் இலைக்கொத்து. ஜன்னல் வெயிலில் அது கண்ணைப் பறித்தது.

"ஐயையோ!" என்று அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். எதிரி குண்டுக்குத் தப்பி வந்த கறுப்பு, பனியிலும் மழையிலும் போகாத கறுப்பு, அவள் புளிக்குப் போய்விட்டது. யார் இதைக் கொண்டுவந்து விளக்குப் பக்கத்தில் வைத்தார்கள் என்று அவள் யோசிக்கக்கூட இல்லை. கண்முன்னால் தெரிந்ததெல்லாம் அடையாறு மண்டபமும், அதைச் சேவலாகச் சுற்றி வரும் தன் புருஷனும்தான். அவரைப் போய்க் கூவவைப்பதா? கட்டிய பெண்டாட்டியே இதைச் செய்யலாமா?

குளித்துவிட்டு வந்த பொன்ராஜ் கிண்ணத்தைக் காணாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார். "புஷ்பம், இங்க என் பேட்ஜ் இருந்துச்சே."

"தகர டப்பாவுல போட்டு பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன்," என்றாள் அவள் தலையைத் தூக்காமல். பேட்ஜ் அவள் ரவிக்கைக்குள் இருந்தது.

"தொட்டியா?" பொன்ராஜின் முகம் வெளுத்துவிட்டது.

"ஓரத்தைப் பிடிச்சுத்தான் எடுத்தேன்."

பொன்ராஜ் பெரிதாக ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போனார். தங்கபுஷ்பமும் ஒரு மூச்சு விட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அந்த வீட்டில் அன்று நிறையக் காற்று செலவானது.

அப்புறம் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. முதலில் தீபிகாவின் மார்க்கர் பேனாவால் தீட்டினாள். நிழலில் கறுப்பாக இருந்தது வெயிலில் கத்திரிக்காய் நிறத்தில் பல்லைக் காட்டிற்று. அதைச் சுரண்டிவிட்டுக் கறுப்பு நகப்பூச்சு அடித்தாள். அது மழையில் நனைந்த காக்கை மாதிரிப் பளபளத்தது. மின்னக் கூடாது என்பதற்காகக் கறுப்பாக்கிய சாமானை மின்னுகிற கறுப்பில் கொண்டுபோனால் கோதண்டபாணி தேய்த்துப் பார்க்கவே வேண்டியதில்லை. அதையும் சுரண்டிவிட்டுக் கற்பூரப் புகையைக் காட்டினாள். அச்சு அசலாக வந்தது. தொட்டதும் விரலோடு வந்துவிட்டது. கடைத்தெருவில் ஒரு வெள்ளிக் கடைக்காரரிடம் கேட்டதற்கு, "கறுத்ததை வெளுக்கிறதுக்குத்தாம்மா நாங்க கடை தொறந்து வெச்சிருக்கோம்," என்று கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்.

கடைசியில் பக்கத்துக் கடை கைசர் ஜஹானிடம் போய் அழாத குறையாகச் சொன்னாள். கைசர் ஜஹான் வளையல் கடை வைத்திருப்பவள். யார் எந்தக் கஷ்டம் சொன்னாலும் முதலில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அப்புறம்தான் உதவி செய்வாள்.

"அல்லா! இன்னாக்கா நீ, புருஷன் மானத்தையே புளி போட்டுத் தேச்சிட்டியா!" என்று வளையல் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிப் பூச்சுதானே? அப்போ கவலைய உடு. போன ரம்ஜானுக்கு என் வெள்ளிக் கொலுசைக் கழட்டி, அவிச்ச முட்டை வெச்ச டப்பாவுல மறந்தாப்ல போட்டு மூடிட்டேன். காலைல தொறந்து பாத்தா கொலுசு கரிச்சட்டி கணக்கா கீது. துணியால தேச்சாலும் போவல. பேசாம முட்டைய அவிச்சு, சூடா உடைச்சு, பேட்ஜோட ஒரு டப்பாவுல போட்டு இறுக்கி மூடு," என்றாள்.

தங்கபுஷ்பம் அன்றே அரை டஜன் முட்டை அவித்தாள். மஞ்சள் கருவை உதிர்த்து டிபன் டப்பாவில் பரப்பி, ஒரு சின்ன மூடியில் பேட்ஜை உட்காரவைத்து, இறுக்கி மூடிப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்தாள். மறுநாள் பேட்ஜ் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. முட்டையை மாற்றினாள். அதற்கு மறுநாள் நாவல்பழ நிறம். மறுபடி மாற்றினாள். வெள்ளிக்கிழமை திறந்தபோது கன்னங்கரேலென்று, மினுக்கம் மருந்துக்குக்கூட இல்லாமல், நேற்றுத்தான் மலையிலிருந்து இறங்கி வந்தது போல உட்கார்ந்திருந்தது. வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. "முருகா!" என்று பேட்ஜைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டாள். நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். அவளுடைய பட்டுப்புடவைகளும் அந்தப் பாக்கியத்தில் பங்கு பெற்றிருந்தன.

இதற்கிடையில் பொன்ராஜுக்கும் உடம்பு சரியில்லை போலிருந்தது. இரண்டு நாளாக விடிந்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தொண்டையில் ஏதோ சத்தம் எழுப்புகிறார். இழுத்து, நடுங்கி, கடைசியில் உடைகிற ஒரு சத்தம். சளி கட்டியிருக்கிறது என்று தங்கபுஷ்பம் மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தாள். அவர் மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டு, "தொண்டை நல்லா இருக்கணும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அடையாறு மண்டபம் ஜேஜே என்றிருந்தது. தொப்பை வைத்த கிழவர்களெல்லாம் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பெண்டாட்டிமார்கள் எதிரே நாற்காலிகளில். பொன்ராஜ் வரிசையில் மூன்றாவதாக நின்றார். மண்டபத்துப் பூனை ஒன்று எங்கிருந்தோ வந்து, மற்றவர்களையெல்லாம் விட்டுவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்து தொப்பியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் ரகசியமாகச் 'சூ' காட்டினாள். பூனை அசையவில்லை.

கோதண்டபாணி கைக்குட்டையை உதறினார். முதலில் வடிவேலு. ஒரு தேய். கைக்குட்டையில் பூட் பாலிஷ். மண்டபமே ஓவென்று கத்த, வடிவேலு தொப்பையைத் தூக்கிக்கொண்டு கூவியபடி ஒரு சுற்று ஓடிவந்தார். அடுத்தது சின்னப்பையன். பெயர்தான் சின்னப்பையன், ஆள் ஆறடி. கார் பெயின்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தார். கோதண்டபாணி தேய்த்த தேய்ப்பில் அது அப்பளம் போல உரிந்து விழுந்தது. அவர் கூவியது சேவல் மாதிரி இல்லை, வான்கோழி மாதிரி இருந்தது என்று மறுபடி ஒருமுறை கூவவைத்தார்கள். அவர் பெண்டாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தங்கபுஷ்பம் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். வீட்டில் ஒட்டாத கறுப்பு இங்கே ஒட்டிவிட்டால்? கோதண்டபாணியின் கட்டைவிரல் வேறு கடப்பாரை மாதிரி இருக்கிறது. கைசர் ஜஹான் கொலுசை நம்பி இத்தனை பேர் நடுவில் கட்டிய புருஷனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டோமே!

கோதண்டபாணி பொன்ராஜின் எதிரே வந்தார். மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார். பூனையை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் கைக்குட்டையைப் பேட்ஜின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார்.

பொன்ராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மார்பை விரித்தார். கழுத்தை நீட்டினார்.

"கொக்கரக்கோ... கோஓஓ!"

இழுத்து, நடுங்கி, கடைசியில் உடைகிற குரல். அச்சு அசலாகச் சேவல். பூனை பாய்ந்து நாற்காலிக்கடியில் போய்விட்டது. மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் கோதண்டபாணி உயர்த்திப் பிடித்திருந்த கைக்குட்டையின் புது மூலையில் ஒரு பொட்டுக் கறுப்புக்கூட இல்லை.

"டேய்," என்றார் கோதண்டபாணி. "நீ எதுக்குடா கூவுற?"

பொன்ராஜ் கண்ணைத் திறந்தார். கைக்குட்டையைப் பார்த்தார். பேயறைந்தவர் மாதிரி நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றிப் பேட்ஜைத் தம் விரலாலேயே தேய்த்துப் பார்த்தார். ஒருத்தர் கை படாத பேட்ஜை, ஓரத்தைப் பிடிக்காமல், நடுவில் வைத்து, நாலு தரம் தேய்த்தார். "ஒட்டலையே!" என்றார். குரலில் அப்படியொரு ஆச்சரியம்.

"அதாண்டா நெஜமான கறுப்பு! மானத்தைக் காப்பாத்திட்ட!" என்று கோதண்டபாணி அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு, "முட்டைக் கடையில படுத்து எழுந்தியா இன்னா?" என்று காதோரமாகக் கேட்டார்.

எல்லாரும் கைதட்டினார்கள். தங்கபுஷ்பம் தட்டவில்லை. அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள். ஒட்டும் என்று நினைத்தவர்தானே கூவ வேண்டும்? குளியலறைச் சத்தம் நினைவுக்கு வந்தது. ஒரே தேய்ப்பில் போன கறுப்பு நினைவுக்கு வந்தது. வருஷா வருஷம் ஜனவரியில் காலியாகும் மை டப்பாவும், வருஷா வருஷம் திட்டு வாங்கிய தீபிகாவும் நினைவுக்கு வந்தார்கள். அடப்பாவி மனுஷா!

பந்தியில் பிரியாணி போட்டார்கள். புருஷன் பெண்டாட்டி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தங்கபுஷ்பம் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள்.

"என் கண்மைதானே?"

பொன்ராஜ் பிரியாணியை ரொம்ப அக்கறையாகப் பிசைந்தார். "பூட் பாலிஷ் மின்னும். மை மின்னாது. பூசிக் காயட்டும்னுதான் அன்னிக்குக் கிண்ணத்துல வெச்சேன்," என்றார்.

"அப்போ மலை, ஆபரேஷன் எல்லாம் புளுகா?"

"இல்ல புஷ்பம்! சத்தியமா இல்ல. போனது நெசம். கறுப்பு பூசினது நெசம். உசிரோட வந்தது நெசம்." அவர் கண் கலங்கிவிட்டது. அது புளுகில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"அந்தக் கறுப்பு எங்க போச்சு?" என்று கேட்கும்போதே அவளுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. காபித் தட்டோடு அவள் கூடத்துக்கு வந்த நாள். நிமிர்ந்து பார்க்க வெட்கம். கடைக்கண்ணில் யூனிபார்ம் தெரிந்தது. மடியில் வைத்திருந்த தொப்பி தெரிந்தது. தொப்பியில் ஏதோ ஒன்று பளிச்சென்று கண்ணில் அடித்தது. இத்தனை வருஷமாக இந்தக் கதையையும் கேட்டிருக்கிறாள், அந்த மினுக்கத்தையும் நினைத்திருக்கிறாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அது மின்னுச்சே!" என்றாள்.

பொன்ராஜின் கை இலையிலேயே நின்றது.

"ரயில் கண்ணாடியில என்னையே பாத்தேன்," என்றார் மெதுவாக. "பனியில மூஞ்சி உரிஞ்சு, உதடு வெடிச்சு, பாக்கச் சகிக்கல. பாத்திரக்கடைக்காரர் பொண்ணு. பளபளன்னே பாத்து வளந்திருப்பா. நம்மகிட்ட ஒண்ணாவது மின்னட்டும்னு விபூதியைப் போட்டு வழி நெடுகத் தேச்சேன். கல்யாணமெல்லாம் முடிஞ்சப்புறம்தான், என்னத்தைத் தேச்சுட்டேன்னே ஒறைச்சுது. அவனவன் அந்தக் கறுப்பைப் பூசின கையோட அங்கேயே போய்ச் சேந்துட்டான். நான் அதைக் கழுவிட்டேன். அதான் உன் மையை எடுத்து எடுத்து..."

தங்கபுஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பந்தியில் அழுதால் பிரியாணி காரம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"நான் உங்க மூஞ்சியை எங்க பாத்தேன்?" என்றாள். "தலையே நிமிரல. எங்கப்பா உள்ள வந்து மாப்பிள்ளை எப்படின்னு கேட்டாரு. தொப்பியில மின்னினது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதை நெனச்சுத்தான் சரின்னு தலையாட்டினேன்."

பொன்ராஜ் அவளையே பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அப்போ தேச்சது வீண் போகல," என்றார்.

"வீண் போகல. நாளைக்கும் தேய்க்கப் போறேன். விளக்குப் பக்கத்துல பளபளன்னு வெக்கப் போறேன். தீபிகாகிட்ட முதல்ல மன்னிப்பு கேளுங்க."

"சரி. அடுத்த வருஷம் கோதண்டபாணி கைக்குட்டையை எடுத்தா?"

தங்கபுஷ்பம் தன் இலையிலிருந்த அவித்த முட்டையை எடுத்து அவர் இலையில் வைத்தாள். "அதுக்குத்தான் இது இருக்கு," என்றாள்.

பொன்ராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. பந்திக்கும் பின்னாலேயே வந்து நாற்காலிக்கடியில் உட்கார்ந்திருந்த பூனைக்குப் புரிந்துவிட்டது. அவர் பிட்டுப் போட்ட பாதி முட்டையை அது தின்று முடிக்கும்வரை அவள் நடந்ததையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.